குப்பை யாருடையது?

திருவனந்தபுரம் தம்பானூரில், புகைவண்டி நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில், 2024 ஜூலை 13 அன்று குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி நீரோட்டத்தில் மறைந்தார்; மூன்றாம் நாள் உடலே கிடைத்தது. ரயில்வேயும் மாநகராட்சியும் பொறுப்பை ஒன்றன்மேல் ஒன்று சுமத்தின.

1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அக்காலமே பொற்காலம் எனப் பெருமூச்செறிவது எளிது. ஆயினும் அக்காலத்திலும் சாக்கடைக்குள் இறங்கியவர் நம்மவரே!

ஆலையில் என் தறியில் இழை அறுந்தால் நானே முடிந்தேன். அடுத்த தறியைக் காட்டவில்லை. அவரவர் வினைக்கு அவரவரே உரியவர் என்பது பகவன் போதனை. பொதுப்பணத்தில் வாரிய கால்வாயை மீண்டும் நிரப்பியது யார் கை? அதிகாரியைக் கேட்போம், அதற்குமுன் நம் கையைப் பார்ப்போம்.