யாருடைய நடைக்கு யார் நடப்பது?

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் ஒருநாள் உல்லாசமாக வெளியே புறப்படுகின்றனர். அவர்களுள் நான்கு வயதுச் சிறுவனும் உண்டு. எழுபத்தைந்தைத் தாண்டிய முதியவரும் உண்டு. சிறுவனின் கால்கள் ஓடத் துடிக்கின்றன; முதியவரின் முழங்கால்கள் நிற்கச் சொல்கின்றன. இவர்களுள் யாருடைய நடைக்கு ஏற்ப மற்றவர்கள் தம் நடையை அமைத்துக்கொள்வது? கேள்வி சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் ஒழுக்கவியலின் பெரிய கேள்விகள் பலவும் இத்தகைய சிறு வாசல்களின் வழியாகவே நம் இல்லங்களுக்குள் நுழைகின்றன.

பலவீனருடைய நடைக்கே மற்றவர் நடக்கவேண்டும் என்று உடனே விடை கூறிவிடலாம். இக்கருத்தில் ஒரு வாசகம் ஹதீஸ் என்றே நம் மேடைகளில் எடுத்துரைக்கப்படுவதும் உண்டு. அந்தச் சொல்லமைப்புக்கு ஆதாரம் காணக்கிடைக்கவில்லை என்பது ஹதீஸ் கலை வல்லார் கூற்று. எனினும் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம்மைத் தம் கூட்டத்தாருக்கு இமாமாக ஆக்குமாறு வேண்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே ஆக்கிவிட்டு, அக்கூட்டத்தாருள் மிகப் பலவீனமானவரைப் பின்பற்றி நடக்கும்படி பணித்தார்கள் என்பது அபூதாவூதில் காணும் செய்தி. இமாமை மக்கள் பின்பற்றுவதற்கு வழங்கும் ‘இக்திதா’ என்னும் சொல்லின் வினையே இங்குத் திரும்பி நின்று, முன்னிற்பவரைப் பின்னிற்பவருக்குப் பின் நிறுத்துகின்றது. அரபு இலக்கணம் பயிலும் மாணவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டும்பொழுதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும்.

ஆனால் இதனோடு காரியம் முடிந்துவிடவில்லை. முஆத் (ரலி) அவர்கள் ஒருமுறை தொழுகை நடத்துகையில் நீண்டதோர் அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். நீர் இறைக்கும் ஒட்டகங்களோடு பகலெல்லாம் பாடுபட்டு வந்த ஒருவர், தாங்கமாட்டாமல் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். செய்தி பெருமானாருக்கு எட்டியபோது கண்டிக்கப்பட்டவர் முஆத் (ரலி) அவர்களே; விலகிச் சென்றவர் அல்லர். இங்கே பலவீனருக்கு இரங்குவதாவது சுருக்கமாக முடித்துக்கொள்வது. பயணத்தில் அதே இரக்கம் நேரத்தை நீட்டச் சொல்கின்றது. ஒருமணி நேர வழியை இரண்டுமணி நேரமாக ஆக்கச் சொல்கின்றது. சுருக்குவதா, நீட்டுவதா என்பதை முன்கூட்டியே விதியாக எழுதிவைக்க இயலாது. உடன் இருப்பவரைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

குடும்ப உலாவிலோ இந்தச் சிக்கல் இரட்டிப்பாகின்றது. பெரியவருக்குக் கால் பலவீனம். குழந்தைக்குப் பொறுமை பலவீனம். ஒருவரை உட்காரவிட்டால் மற்றவர் அழுகின்றார். இருவரும் பலவீனர்களே. இருவர் பலவீனமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

ஊரிலிருந்து பெற்றோர் சென்னைக்கு வந்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வண்டலூருக்குப் போவது பல குடும்பங்களின் வழக்கம். அந்தப் பூங்காவின் வரலாறே நம் கேள்விக்கு ஒரு விளக்கவுரை போல் இருக்கின்றது. சென்னையின் மிருகக்காட்சிசாலை 1855-இல் எட்வர்டு பால்ஃபர் என்பவரின் முயற்சியால் அருங்காட்சியக வளாகத்தில் தோன்றியது. பின்னர் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. ஊரிலிருந்து வருவோர் ரயிலை விட்டு இறங்கியதும் எட்டிப் பார்த்துவிடலாம். கூண்டுக்குக் கூண்டு சில அடிதான். மிருகங்களுக்கோ அது சிறையாக இருந்தது. 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,500 ஏக்கர். கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள். உள்ளே மரங்கள், புதர்கள், நிழல். வாயற்ற பிராணிகளுக்குச் செய்யப்பட்ட இந்த நீதியை வரவேற்காதவர் யார்? ஆனால் சிங்கத்துக்குக் கிடைத்த அகலம் முழுவதும், பார்க்கச் செல்லும் முதியவரின் காலடியில் தூரமாக வந்து விழுந்திருக்கிறது. ஒருவருக்குச் செய்யும் நன்மையின் செலவை வேறொருவர் சத்தமின்றிச் செலுத்திக்கொண்டிருப்பதை, நாம் சற்று நின்று பார்த்தாலன்றி அறியமாட்டோம்.

ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில் அங்கே கண்ட காட்சி ஒன்று. தஞ்சைப் பகுதிப் பேச்சு. மகன், மருமகள், மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அத்தா, அம்மா. நுழைந்து சிறிது தொலைவிலேயே பெரியவர் ஒரு பலகையில் அமர்ந்துவிட்டார். “அத்தா, கொஞ்ச தூரந்தான், வாங்களேன்” என்று மகன் கூறினார். கூறும்போதே அவர் கால்கள் முன்னே போய்க்கொண்டிருந்தன. சின்னவன் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். “நீங்க போயிட்டு வாங்க தம்பி. நான் பார்க்காத சிங்கமா!” என்றார் பெரியவர். பைகள் அனைத்தும் அவர் அருகில் வைக்கப்பட்டன. குடும்பம் நகர்ந்தது.

பக்கத்தில் இடமிருந்ததால் ஸலாம் கூறிவிட்டு அமர்ந்தேன். சிறுவனாக இருந்தபோது தம் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரலுக்கு அருகில் இருந்த பழைய காட்சிசாலைக்கு வந்ததையும், கம்பிக்குள் இருந்த சிங்கம் ஒரே இடத்தில் போவதும் வருவதுமாக இருந்ததையும், அதைக் கண்டு தமக்கு அழுகை வந்ததையும் அவர் விரிவாகக் கூறினார். அருமையான செய்தி, ஆனால் அது என் செவிக்கு உரியதன்று. முன்னே ஓடிப்போன அந்த நான்கு வயதுக்காரனுக்கு உரியது. அவனிடம் சொல்லத்தான் அவர் ஊரிலிருந்து வந்திருந்தார் என்று கூறினாலும் பொருந்தும்.

‘நான் இங்கேயே இருக்கிறேன்’ என்னும் அந்த வாக்கியத்தைச் சற்று ஆராய வேண்டும். அது வெறும் உண்மையாக இருக்கலாம்: முழங்கால் வலிக்கின்றது, காற்று நன்றாக வீசுகின்றது, சிறிது நேரம் பேச்சின்றி இருக்க மனம் விரும்புகின்றது. அது ஈகையாகவும் இருக்கலாம். தம்மால் மற்றவர் இன்பம் குறையவேண்டாம் என்று தம் விருப்பத்தை அவர் விட்டுக்கொடுக்கிறார். இன்னொரு முறை கேட்கமாட்டார்களா என்னும் எதிர்பார்ப்பும் அதில் ஒளிந்திருக்கலாம். சொற்கள் மூன்றுக்கும் ஒன்றே. எது என்று எவ்வாறு அறிவது? கேட்பவர் கேட்ட முறையைப் பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்கப்படும் கேள்வி, மறுக்கும்படி இடப்படும் கட்டளைதான். அப்பூங்காவில் மின்கல வண்டி ஓடுகின்றது. சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தா, வண்டி நிற்கிறது, ஏறுகிறீர்களா, இங்கே இருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தால், அவர் எந்த விடையைச் சொல்லியிருந்தாலும் அது அவருடைய விடையாக இருந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வேண்டாம் என்று வாயால் கூறிவிட்டு, ஊர் திரும்பியபின் திண்ணையில் அமர்ந்து, என்னை மூட்டைக்குக் காவல் வைத்தார்கள் என்று ஆண்டு முழுதும் கூறிக்கொண்டிருப்பது நீதியாகாது. ஆசையை மறைப்பது பெருந்தன்மை என்றே நம் பெரியவர்கள் பழகிவிட்டார்கள். பிள்ளைகள் மனத்தைப் படிக்கும் வலிமார்கள் அல்லர்.

அரபு மொழியில் மென்மைக்கு ‘ரிஃப்க்’ என்று பெயர். வழித்துணைவருக்கு ‘ரஃபீக்’ என்று பெயர். சாய்வதற்கு உதவும் முழங்கைக்கு ‘மிர்ஃபக்’ என்று பெயர். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. உடன் செல்பவர் என்றால் நாம் சாய்ந்துகொள்ள முழங்கை தருபவர் என்று பொருள் விரிக்கலாம். அழைத்துச் செல்வது வேறு, உடன் செல்வது வேறு. பிள்ளை தன் பெற்றோரை வாகனத்தில் ஏற்றி, சீட்டு வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, மீண்டும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றான். அழைத்துச் சென்ற கடமை நிறைவேறிவிட்டது. உடன் சென்றானா?

பயணங்களில் பெருமானார் (ஸல்) அவர்கள் படையின் பின்வரிசைக்குச் சென்று, பின்தங்கியவர்களை நடத்திவருவார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கிய நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. அவர் அருகில் வந்து பெருமானார் பேசிய பேச்சு எதைப் பற்றியது? திருமணம் ஆயிற்றா, கன்னிப் பெண்ணா, முன்பு மணமானவரா என்பதைப் பற்றியது. தம் தந்தை விட்டுச்சென்ற இளம் சகோதரிகளைப் பேணிக் காப்பதற்காகவே அனுபவமுள்ள பெண்ணை மணந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் கூறிய உருக்கமான விடையும் அப்போதுதான் வெளிவந்தது. படையின் முன்வரிசையில் இத்தகைய உரையாடல் நிகழ இடமில்லை. வீட்டுக் கதைகள் எல்லாம் பின்வரிசையிலேதான் பேசப்படுகின்றன. பெரியவரைப் பலகையில் விட்டுச் சென்ற குடும்பம் இழந்தது எது என்று கேட்டால், இதைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

இனி, இதுவரை நாம் எண்ணிப் பார்க்காத ஒருவர் இருக்கின்றார். ஸுப்ஹுக்கு முன் எழுந்து எல்லோரையும் பசியாற வைத்து, பால்புட்டி, மாற்றுடை, மாமனாரின் மாத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இடுப்பில் கைக்குழந்தையோடு நாள் முழுதும் நடந்த அந்த மருமகள். அவர் காலுக்குப் பலகை கேட்டவர் யாருமில்லை. அவருக்கு வயதோ முப்பதுதான். பலவீனரைத் தேடும்போது நரைத்த தலையையும் சின்னஞ்சிறு காலையும் மட்டுமே நம் கண்கள் தேடுகின்றன. தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால் பெருமானார் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். அதற்கு அவர்களே கூறிய காரணம், அக்குழந்தையின் தாய் படும் வேதனை. அழுவது குழந்தை, கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர், வரிசையில் சத்தமின்றி நின்ற தாய். நம் குடும்ப உலாக்களில் அன்று இரவு யார் கடைசியாகப் படுத்தார் என்று பார்த்தால் உண்மையான பலவீனர் யார் என்பது தெரிந்துவிடும். மூத்த பேரனிடம் ஒரு பையைக் கொடுத்தாலே பாதிச் சுமை குறையும். பத்து வயதில் அவனால் தூக்கமுடியும். தூக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

திருமறையிலும் ஓர் உல்லாசப் பயணம் உண்டு. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள், அவர் உண்டு விளையாடி மகிழட்டும் என்று கூறித் தந்தையிடம் அனுமதி கேட்டார்கள். முதியவரான யஃகூப் (அலை) அவர்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். அனுப்புவது தமக்குத் துயரம் தரும் என்று வாய்விட்டே கூறினார்கள். கூறியும் பயனில்லை. அதே அத்தியாயத்தின் இறுதியில் இன்னொரு பயணம் வருகின்றது. அதில் குடும்பம் முழுவதும் எகிப்துக்குச் செல்கின்றது. அங்கே யூசுஃப் (அலை) அவர்கள் பெற்றோரைத் தம் அருகில் அணைத்துக்கொண்டு, அரியணையில் ஏற்றி அமர்த்துகின்றார்கள். முதற்பயணத்திற்கும் இதற்கும் இடையில் கழிந்த ஆண்டுகளில் ஒரு தந்தையின் கண்கள் பார்வையிழந்து, பின்னர் இறையருளால் பார்வை மீண்டிருந்தன.

வண்டலூர் செல்ல நினைப்போர் செவ்வாய்க்கிழமை சென்று ஏமாற வேண்டாம். அன்று பூங்காவுக்கு விடுமுறை. வாயிலிலேயே மின்கல வண்டிக்குச் சீட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம். எல்லா விலங்குகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. யானை, சிங்கம், ஒரு குரங்குக் கூட்டம் இவை போதும் என்று முதலிலேயே குறைத்துக்கொண்டால், லுஹருக்கு எல்லோரும் ஒரே நிழலில் வந்து சேரலாம். ஓடத் துடிக்கும் பெரிய பிள்ளைகளை மகன் ஒருமுறை முன்னே அழைத்துச் சென்றுவரட்டும். அடுத்த முறை அவர் பலகையில் அமர்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். நான்கு வயதுக்காரன் மட்டும் நன்னாவின் பக்கத்தில் இருக்கட்டும். அழுவான்தான். கம்பிக்குள் இருந்த அந்தப் பழைய சிங்கத்தின் கதையை ஆரம்பித்துவிட்டால் நிறுத்திவிடுவான்.