உழைப்பின் இன்பம் யாருக்கு?

உழைப்பு மனிதனுக்கு இன்பம் தருவதா, துன்பம் தருவதா என்பது மிகப் பழைய வினா. உழைப்பைத் தண்டனையாகக் கண்டவர்கள் உளர். அதனைத் தவமாகப் போற்றியவர்களும் உளர். இவ்விரு சாராரிலும் பெரும்பாலோர் தாம் உழைக்காது, உழைப்போரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. எனவே இவ்வினாவை வெறும் கருத்துலகில் வைத்து ஆராய்வதிற் பயன் அதிகமில்லை. குறிப்பிட்டதோர் உழைப்பை, குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட மனிதர்களின் வாழ்க்கையில் வைத்து நோக்குதலே பொருத்தமாகும். அத்தகைய நோக்கிற்கு இங்கிலாந்தின் பழைய படகு ஒன்று நமக்கு உதவுகின்றது.

1939 ஆம் ஆண்டுக் கோடையில், ஒக்ஸ்போர்ட் கால்வாயின் கரையிலுள்ள பான்பரி என்னும் ஊரில், டூலி குடும்பத்தாரின் படகுத்துறையிலே ‘கிறெஸ்ஸி’ என்ற படகு பழுதுபார்க்கப்பட்டு நின்றது. ஒருகாலத்திற் சரக்கேற்றிச் சென்ற மரப்படகு அது. அதனை வீடாக மாற்றிக் கால்வாய்களின் வழியே வாழ்க்கை நடத்த முனைந்தவர் எல். ரி. சி. றோல்ற். இயந்திரத் தொழிற்சாலையில் தொழில் பயின்றவர். எழுத்தாளராக வேண்டுமென்ற வேட்கை கொண்டவர். அவ்வாண்டு ஜூலையில் மணம்புரிந்த அவரும் அவர் மனைவி அஞ்செலாவும் அம்மாத இறுதியிலேயே பயணம் புறப்பட்டனர். செப்டெம்பரில் உலகப் போர் மூண்டது. அந்தப் பயணத்தைப் பற்றி றோல்ற் எழுதிய நூல் 1944 இல் வெளிவந்து, அழிந்துகொண்டிருந்த கால்வாய்களின் பக்கம் ஒரு நாட்டின் கவனத்தைத் திருப்பிற்று.

பழைய மரப்படகைச் செப்பனிடுவது இலேசான காரியமன்று. முதலிற் படகை உலர்துறைக்குள் விட்டு, நீரை வடித்து, அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உளுத்த பலகைகளைக் கழற்றி, அவற்றின் இடத்திற் புதியனவற்றைப் பொருத்த வேண்டும். பலகையை நீராவியில் வேகவைத்து, சூடு தணியுமுன் வளைத்து இறுக்குவர். பின்னர் பலகைகளுக்கிடையே நாரைத் திணித்து அடைப்பர். நம்முடைய கரையோரத் தொழிலாளர் கலப்பற்று அடித்தல் என்று கூறுவது இதனையே. அதன்மேல் தார் பூசுவர். இவை முடிந்த பின்னரே அடுப்பு, படுக்கை, புத்தகத் தட்டு என்ற பேச்சு எழும். முதுகு வலிக்கும், கை வெடிக்கும், தாரின் நாற்றம் சோற்றுடன் கலந்து வரும். இவ்வளவுக்கும் பின் படகு நீரில் மிதக்கும்பொழுது உண்டாகும் மகிழ்ச்சி உண்மையான மகிழ்ச்சி. அதனைப் பொய்யென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

வில்லியம் மொறிஸ் இந்த மகிழ்ச்சியை நன்கறிந்தவர். சோஷலிஸ்டாகவும் கைவினைஞராகவும் கவிஞராகவும் விளங்கிய அவர், 1880 ஆம் ஆண்டுக் கோடையிற் குடும்பத்தாருடனும் நண்பருடனும் தேம்ஸ் நதியிலே படகேறி, ஹமர்ஸ்மித்திலிருந்து கெல்ம்ஸ்கொற்வரை சென்றார். நான்கு ஆண்டுகளின் பின், பயனுள்ள வேலையையும் பயனற்ற பாட்டையும் வேறுபடுத்தி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஓய்வு கிடைக்குமென்ற நம்பிக்கை, பயனுள்ள பொருள் விளையுமென்ற நம்பிக்கை, வேலை செய்வதிலேயே இன்பம் உண்டென்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் உள்ள வேலையே மனிதனுக்குரிய வேலை என்பது அவர் கருத்து. தம் படகைத் தாமே செப்பனிடும் தம்பதியர்க்கு இம்மூன்றும் உண்டு. மாலையில் ஓய்வு உண்டு. செப்பனிட்ட படகு அவர்களுடையதாகவே இருக்கும். உளி மரத்திற் செல்லும் கணமே இன்பமாயிருக்கும்.

இனி, அதே கால்வாய்களில் அதே படகுகளில் வாழ்ந்த வேறு மனிதரைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் ஓடிய படகுகள் ஏறக்குறைய 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையவை. நீளத்திற் பெரும்பகுதி நிலக்கரிக்கும் தானியத்துக்கும் இரும்புக்கும் உரியது. மனிதருக்கு எஞ்சியது பின்புறத்தில் ஏறக்குறைய 10 அடி நீளமுள்ள ஓர் அறை. கைத்தொழிற் புரட்சியின் ஆரம்பத்திற் படகோட்டிகள் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. இருப்புப்பாதைகள் வந்து போட்டியிட்டபோது கால்வாய்க் கட்டணங்கள் வீழ்ந்தன. அவற்றுடன் கூலியும் வீழ்ந்தது. கரையில் வாடகை கொடுக்கவும், படகில் ஓர் உதவியாளுக்குக் கூலி கொடுக்கவும் இயலாத படகோட்டி, மனைவியையும் மக்களையும் படகிலேற்றினான். மனைவி கூலியில்லாத உதவியாளானாள். மகன் குதிரையை நடத்திச் சென்றான். மகள் மதகுகளைத் திறந்து மூடினாள். கூலி பயணத்துக்கும் பாரத்துக்குமேற்பக் கணக்கிடப்பட்டுத் தலைவனின் கையிற் கொடுக்கப்பட்டது. கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் அப்பெண்ணின் உழைப்புக்கு இடமிருக்கவில்லை.

ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் 1875 இல் இம்மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பயனாக 1877 இலும் 1884 இலும் சட்டங்கள் பிறந்தன. படகறையிலே இத்தனை பேர்தாம் உறங்கலாம், படகு பதிவுசெய்யப்பட வேண்டும், பிள்ளைகள் பாடசாலை செல்ல வேண்டும் என்று அவை விதித்தன. ஆனால் இன்று ஓரூரிலும் நாளை வேறோரூரிலும் இருக்கும் பிள்ளை எந்தப் பாடசாலையிற் படிப்பது? சட்டம் அறையை அளந்தது. அந்த அறைக்குள் ஒரு குடும்பத்தைத் தள்ளிய கூலியை அது அளக்கவில்லை. எழுத்தறியாத பரம்பரைகள் 20 ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

இவர்கள் வாய்மூடிச் சகித்தவர்களுமல்லர். 1923 ஆகஸ்டிற் பெரும் படகுக் கொம்பனியொன்று கூலியைக் குறைக்க முற்பட்டபோது, பிறோன்ஸ்ரன் என்ற ஊரிற் படகுகளை வரிசையாகக் கட்டிவிட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பல வாரங்கள் அது நீடித்தது. இவர்களுடைய வேலைத்தலமே வீடு. வேலையை நிறுத்துவோர் குடியிருப்பையும் இழக்கக்கூடிய நிலை. அந்நிலையிலும் அவர்கள் நின்றார்கள் என்பதை, படகு வாழ்வின் அமைதியைப் பற்றி எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இப்பொழுது நம் வினாவுக்கு மீள்வோம். ஒரே வகைப் படகு, ஒரே மதகு, ஒரே அடுப்பு, ஒரே மழை. ஒருவருக்கு இன்பமாயிருப்பது மற்றவருக்கு ஏன் சுமையாயிற்று?

முதற் காரணம், உடைமை. தம்பதியர் தைக்கும் ஆணி தம்முடைய படகிலேயே இருக்கும். கூலிப் படகோட்டி துடைத்துப் பளபளப்பாக்கும் படகோ கொம்பனியினுடையது. தான் படைத்த பொருள் தன்னை விட்டு அந்நியமாகும்பொழுது, படைக்கும் செயலும் அந்நியமாகிவிடுகிறது என்று மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் விளக்கியது இதனையே. ஆயினும் உடைமை ஒன்றே போதாது. சொந்தப் படகு வைத்திருந்த ஓட்டிகளும் சிலர் இருந்தனர். சந்தையின் போட்டி அவர்களையும் அதிகாலை முதல் இரவுவரை ஓட்டிற்று. ஆகவே இரண்டாவது காரணம், நேரத்தின் மேலுள்ள அதிகாரம். மழை பெய்தால் நாளைக்குத் தார் பூசலாம் என்று சொல்லக்கூடியவனுக்கு மழை அழகாயிருக்கும். பயணம் தாமதித்தால் உணவு குறையும் என்றிருப்பவனுக்கு அதே மழை எதிரி.

மூன்றாவது காரணமே மிக ஆழமானது: விட்டுச்செல்லும் உரிமை. இதற்கு வரலாறே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆட்பற்றாக்குறையால் இளம்பெண்கள் பலர் சரக்குப் படகுகளிற் பயிற்றப்பட்டனர். பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்தினர். அவர்கள் உண்மையான பாரத்தை ஏற்றினர். உண்மையான குளிரில் நடுங்கினர். வேலை விளையாட்டன்று. ஆயினும் போர் முடிந்ததும் வீடு திரும்பலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறே திரும்பியும் விட்டனர். பின்னர் சிலர் அந்நாட்களைப் பற்றி நூல்கள் எழுதினர். அவர்களுக்கு மதகுக் கைப்பிடியைச் சுழற்றும் முறையைக் காட்டிக்கொடுத்த படகுப் பெண்களோ நூல் எழுதவில்லை. எழுதப் படிக்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இவ்விடத்தில் இரு தவறான முடிவுகளை நாம் விலக்க வேண்டும்.

முதலாவது, அழகுவாதிகளின் முடிவு. படகு மக்கள் தம் அறைக் கதவுகளில் உரோசா மலர்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டினர். பித்தளைக் குமிழ்களைத் துலக்கினர். சாளரத்தில் பின்னல் துணி தொங்கவிட்டனர். இவற்றைக் கண்டு, ‘வறுமையிலும் நிறைவு கண்ட மக்கள்’ என்று சிலர் உருகுகின்றனர். நாம் அந்த ஓவியங்களை மதிக்கிறோம். ஆனால் 10 அடி அறைக்குள் ஒரு குடும்பம் மலர் தீட்டிற்று என்பது, அழகுக்காக மனிதன் எவ்வளவு தாகங்கொண்டவன் என்பதற்குச் சான்று; அந்த அறை போதுமானது என்பதற்குச் சான்றாகாது. எளிமை, தேர்ந்து கொள்பவனுக்கு ஓர் அறம். அதனைத் தேராதவன்மேற் சுமத்திவிட்டு அறமென்று பெயரிடுவது அறமன்று.

இரண்டாவது தவறு நம்மவரிடையே தோன்றுவது. ‘இதெல்லாம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, சமூகப் போராட்டத்திலிருந்து ஓடி ஒளிதல்’ என்று அவர்கள் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவர். இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. றோல்ற் தம்பதியர் கிறெஸ்ஸியைத் தம் வீடாகக் கொண்டே போர்க்காலத்தையும் கழித்தனர். 1946 இல் றோல்ற், றொபேட் எய்க்மன் முதலியோருடன் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். தூர்ந்துபோக விடப்பட்ட கால்வாய்கள் பல இன்று நீருடன் இருப்பதில் அவ்வியக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. தம் கையால் ஒரு பொருளைப் பேணியவர்கள் பொதுப்பொருளைப் பேணவும் எழுந்தார்கள் என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் அந்த இயக்கத்தின் உள்ளேயே நம் வினா வெடித்தது. எல்லா நீர்வழிகளையும் உல்லாசப் பயணத்திற்கெனினும் காக்க வேண்டுமென்பதில் எய்க்மன் உறுதியாயிருந்தார். றோல்றுக்கோ, அங்கே வாழ்ந்து தொழில் செய்த மக்களின் மரபே உயிர்நாடியாகத் தோன்றிற்று. 1951 இல் அவர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் தம்பதியரும் பிரிந்தனர். கிறெஸ்ஸியின் வாழ்வும் முடிந்தது. கால்வாய்கள் 1948 இல் தேசியமயமாக்கப்பட்டிருந்தன. எனினும் தொழில் தேய்ந்தது. 1962-63 மாரியில் நீர் உறைந்து படகுகள் பல வாரங்கள் அசையாது நின்றபின், 1963 இல் அரச நிறுவனம் ஒடுங்கிய படகுகளிற் சரக்கேற்றுவதைப் பெரும்பாலும் கைவிட்டது. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் நீர்வழிகள் பலவற்றை உல்லாசப் பயணத்துக்குரியவை என வகுத்தது. கால்வாய் பிழைத்தது; கால்வாயின் தொழிலாளி கரையேறிப் போனான்.

தத்துவ வகுப்புகளில் தீசியஸின் கப்பலைப் பற்றி ஒரு வினா கேட்பதுண்டு. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், எல்லாப் பலகைகளும் மாறியபின் அது பழைய கப்பல்தானா? புளூட்டாக் எழுதிவைத்த காலந்தொட்டு அறிஞர் இதனை விவாதித்து வருகின்றனர். பலகைகளை மாற்றியவன் யார், அவனுக்கு என்ன கூலி கிடைத்தது, அவன் அக்கப்பலில் ஏறினானா என்று கேட்டவர் மிகச் சிலர். மாணவர்க்கு இவ்வினாவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்துணை வினாக்களையும் சேர்த்துக் கேட்கலாம். தத்துவம் அதனால் தாழ்ந்துவிடாது.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 30,000-க்கு மேற்பட்ட படகுகள் கால்வாய்களில் உள்ளன. கோடை விடுமுறையிற் படகிற் குடியிருந்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி மகிழும் தம்பதியர் அவர்களிடையே உண்டு. இலண்டனின் வாடகை கொடுக்க வகையின்றிப் படகில் ஒதுங்கியோரும் உண்டு. ஒரே கரையில் அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருக்கும் இரு படகுகளில் ஒன்று விருப்பினால் மிதக்கிறது. மற்றது கட்டாயத்தினால் மிதக்கிறது. 19 ஆம் நூற்றாண்டிற் குடும்பங்களைப் படகிலேற்றிய அதே கரை வாடகை, வேறு உருவில் மீண்டும் வந்திருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? உழைப்பு இயல்பிலேயே துன்பம் என்பது பொய். தாரும் உளியும் பிடித்த அந்தக் கோடைகள் அதனைப் பொய்யென நிரூபித்துவிட்டன. உழைப்பு எந்நிலையிலும் இன்பம் என்பதும் பொய். பிறோன்ஸ்ரனிற் கட்டி நின்ற படகுகள் அதற்குச் சாட்சி. பயன் தன்னைச் சேரும் என்ற உறுதியும், நேரத்தின்மேல் அதிகாரமும், வேண்டாதபோது விட்டுச்செல்லும் உரிமையும் சேரும்பொழுதுதான் உழைப்பு இன்பமாகிறது. சிலர் தம் விடுமுறையில் மட்டும் அனுபவிக்கும் இந்நிலையைப் பலருடைய வேலைநாளின் நிலையாக மாற்றுவதே நம் முன்னுள்ள பணி.

தன் படகைத் தானே செப்பனிட்டு மகிழும் மனிதனை நாம் குறை கூறவேண்டியதில்லை. அவன் ஒரு பழைய பலகையைக் கழற்றும்பொழுது அதன் உட்புறத்தில் மங்கிய உரோசா மலரொன்று தென்படலாம். அதனைத் தீட்டிய கை எவருடையது, அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்ததா என்று ஒரு கணம் அவன் எண்ணிப்பார்ப்பானாயின், அவனுடைய மகிழ்ச்சி குறையாது. அது நேர்மையுள்ள மகிழ்ச்சியாகும்.