பதினோரு பீக்கர்கள்

என் ஆய்வு மாணவி தன் முதல் கட்டுரையின் வரைவைக் கொடுத்து இருபது நாள் ஆகிறது. அதில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்; சாரம் இதுதான்: பதினோரு முறை படிகம் வளரவில்லை, பன்னிரண்டாம் முறை ஏன் வளர்ந்தது என்று தெரியவில்லை.

"இது எதுக்கும்மா? கடைசியா செஞ்சதை மட்டும் எழுது."

"அப்போ அந்தப் பதினோரு பீக்கரும் இல்லவே இல்லைன்னு ஆயிடுமா மேடம்?"

அந்த பீக்கர்களை நானும் பார்த்திருக்கிறேன். கரைசல் மெல்ல ஆவியாக வேண்டும் என்று, வாயில் ஊசித்துளையிட்ட தாளைக் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்திருப்பாள். வாரக்கணக்கில் காத்திருந்தால் அடியில் வெறும் பொடி. பன்னிரண்டாவதில் மட்டும் கட்டைவிரல் நகமளவுக்குக் கண்ணாடிபோல் ஒரு படிகம்.

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பேரேட்டில் தொகை தப்பிவிட்டால் சுரண்டக்கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியான தொகையை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அடித்தது கண்ணுக்குத் தெரியணும், இல்லாட்டி கணக்கை யார் நம்புவா என்பார். ஆய்வகக் குறிப்பேட்டுக்கும் அதே விதிதான். அவளுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

1960-இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடவார், 1963-இல் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையை மாணவப் பருவத்தில் படித்தேன். பாதிதான் நினைவிருக்கிறது. அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்று கேட்டிருந்தார். தரவுகள் பொய் என்று அவர் சொல்லவில்லை. முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற அந்த அடுக்கு, யோசனை உண்மையில் ஓடிய விதத்தை மறைத்துவிடுகிறது என்பதே அவர் குறை. விவாதம் முதலில் வரட்டும் என்றார்.

எல்லாத் தோல்வியையும் எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? எழுதாவிட்டாலோ, வேறெங்கோ ஒரு பெண் இதே பொடிக்காகப் பல மாதங்களை இழப்பாள். இரண்டும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. ஆனால் அன்று இதையெல்லாம் யோசித்தா அடித்தேன்? என்னை உறுத்தியது பதினோரு முறை அல்ல. 'தெரியவில்லை' என்ற சொல். மதிப்பாய்வாளர் அதைப் பிடித்துக்கொள்வாரே என்று பயந்தேன்.

அச்சுப் பிழை திருத்துபவர்கள், அடித்த சொல்லின் கீழே புள்ளிகள் வைத்தால் 'இது இருக்கட்டும்' என்று பொருள். நேற்றிரவு அந்த வரியின் கீழே புள்ளி வைத்துக்கொண்டே போனேன். முதல் பாதி முடிந்தது. அதற்கப்பால் கை ஓடவில்லை. நாளை அவள் வருவாள். மீதி வரிக்கு என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.