பெயர் சுட்டாமையும் பிறர் வாழ்வும்: அலர், கிசுகிசு, மேடை அறிவுரை

முன்னுரை

பிறர் வாழ்வைப் பிறர் பேசுதல் அறமாகுமா என்னும் வினா தமிழ் மரபிற்குப் புதியதன்று. வள்ளுவர் அறத்துப்பாலில் புறங்கூறாமை என ஓர் அதிகாரம் (19) வகுத்து அச்செயலைக் கடிகிறார். காமத்துப்பாலிலோ அலரறிவுறுத்தல் (115) என்னும் அதிகாரத்தில், ஊரார் பேச்சைக் காதலர் வெறுப்பதோடு அமையாமல் ஒருவகையில் வேண்டவும் செய்கின்றனர். செயல் ஒன்றே. அதனைச் செய்வோர் நின்று நோக்கினால் குற்றமாகிறது. அதற்கு ஆட்பட்டோர் நின்று நோக்கினால் சிலபோது துணையாகவும் ஆகிறது. இவ்விரு நோக்கையும் ஒரு நூலிலேயே வைத்த வள்ளுவர், இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை இல்லை என்று கருதினார் போலும்.

இவ்வினா இன்று புதிய அரங்கில் எழுகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே வளர்ந்த நகைச்சுவை வலையொலிகள் (பாட்காஸ்ட்டுகள்) இதற்குத் தக்க சான்று. கிட் ஃபியூரி, கிரிசில் வெஸ்ட் ஆகிய இருவரும் 2013ஆம் ஆண்டு தொடங்கிய 'தி ரீட்' என்னும் வலையொலி அவற்றுள் பெயர்பெற்றது. இதில் திரை, இசை உலகப் புகழாளர்களைப் பற்றிய பேச்சு ஒரு பகுதி. நேயர் எழுதும் கடிதங்களைப் படித்து, பெரும்பாலும் காதல், மணவாழ்வுச் சிக்கல்களுக்கு, அறிவுரை கூறுவது மற்றொரு பகுதி. இது பார்வையாளர் முன்னிலையில் மேடை நிகழ்ச்சியாகவும் நடத்தப்பட்டுள்ளது. பெங்களூரின் கோரமங்கலா, இந்திராநகர்ப் பகுதிகளில் நகைச்சுவை மேடைகள் பெருகியபின், இதனை ஒத்த பேச்சு நம் நாட்டவர்க்கும் அயலானதன்று. புகழாளர் பேச்சு, அறிவுரை என்னும் இவ்விரண்டனுள் எது பிறர்க்கு மிகுந்த தீங்கு விளைக்கவல்லது என்பதே இக்கட்டுரையின் வினா. முன்னதே என்பது பொதுவான எண்ணம். அது மறுபரிசீலனைக்கு உரியது.

வேம்பின் இலை

அகத்திணை மாந்தருள் ஒருவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் கூறும் வரையறை. இதனை இலக்கிய உத்தியாகவே பலரும் விளக்கியுள்ளனர்: பெயர் நீங்கியதால் ஒருவர் காதல் எல்லார் காதலும் ஆயிற்று என்பர். அது சரியே. ஆயினும் இதற்குள் ஓர் அறநெறியும் உண்டு. ஒருவர்தம் அகவாழ்வைப் பலர் கேட்கப் பாடலாம். ஆனால் அவர் இன்னார் எனக் கேட்போர் அறியலாகாது என்பதே அந்நெறி.

அகநானூற்றின் 36ஆம் பாடல் இந்நெறிக்கு நல்ல விளக்கமாகும். பரத்தையொடு புனலாடிய தலைவனைப் பற்றி எழுந்த அலர், தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியன் எழுவரை வென்றபோது எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்கிறார் நக்கீரர். செழியன் பெயர் வருகிறது. அவனிடம் தோற்ற எழுவரும் சுட்டப்படுகின்றனர். எருமையூரனும் அவருள் ஒருவன் (எருமையூரை மைசூர்ப் பகுதியோடு இணைத்துக் காண்பாரும் உளர்). இத்துணைப் பேரைச் சுட்டும் பாடல், அத்துணைப் பெரிய அலருக்கு உரியவன் யாரென மட்டும் சொல்லவில்லை. போர் ஊரறிந்தது, அதனைப் பெயரோடு பாடலாம். ஊடல் அத்தகையதன்று.

பெயரை நீக்கிவிட்டால் மட்டும் போதுமா? இவ்விடத்து நெடுநல்வாடைக்கு நேர்ந்தது கருதத்தக்கது. பிரிந்த தலைவியின் துயரைப் பேசும் அப்பாட்டில் தலைவன் பெயரும் இல்லை. தலைவி பெயரும் இல்லை. ஆயினும் பாசறையில் உள்ள வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர் அடையாளப் பூ. எனவே இது அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். அவர் முடிவை மறுப்போர் உளர். அது வேறு வழக்கு. பெயரைச் சொல்லாமல் அடையாளத்தைக் காட்டினாலும் பெயர் சொன்னதாகவே கொள்ளப்படும் என்னும் அவர்தம் அளவுகோல் இலக்கண நூலுக்கு வெளியிலும் பொருந்துகிறது என்பதே ஈண்டு வேண்டுவது.

கிசுகிசு

தமிழ் இதழ்களின் கிசுகிசுப் பகுதி அவ்வளவுகோலில் சிக்குவதாகும். நடிகையின் பெயரை எழுதாமல், பெயரின் எழுத்தெண்ணிக்கையையோ அவர் நடித்த படத்தையோ குறிப்பால் உணர்த்துவது அதன் வழக்கம். வாசகர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே பெயர் மறைக்கப்படுகிறது. அகப்பாடல் பெயரை மறைப்பது ஆளைக் காப்பதற்கு. கிசுகிசு மறைப்பதோ எழுதியவரைக் காப்பதற்கு. இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருத்தல் வியப்பே.

வெளிப்படையாகப் பெயர் சொல்லும் ஏடுகளும் இருந்தன. 'சினிமா தூது', 'இந்துநேசன்' ஆகியவற்றை நடத்திய சி.என். இலட்சுமிகாந்தன் திரைத்துறையினரின் அந்தரங்கத்தை எழுதியே அஞ்சத்தக்கவரானார். 1944 நவம்பரில் அவர் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராச பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பெற்று, இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1947இல் சென்னை உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். பாகவதர் சிறையில் இருந்த காலத்திலும் அவருடைய 'ஹரிதாஸ்' சென்னையில் தொடர்ந்து ஓடியது. மூன்று தீபாவளி கண்ட படம் என இன்றும் கூறுவர். அப்பேச்சினைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த மக்களும், காசு கொடுத்து அப்படத்தைக் கண்ட மக்களும் வேறு வேறானவர் என்று கொள்வதற்கில்லை.

புகழாளர்க்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்சநீதிமன்றம் ஒருவர்தம் குடும்பம், மணம் முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றிற்கும், தாமே வலிய வந்து சர்ச்சையில் இறங்குவோர்க்கும் விலக்களித்தது. கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. புகழாளர்க்கு வழக்கறிஞர் உண்டு. மறுப்பு அறிக்கை உண்டு. அதனை வெளியிட ஏடுகளும் காத்திருக்கும். அவர்தம் மனைவி, மக்கட்கு இவையெல்லாம் இல்லை என்பது மெய். ஆயினும் பேச்சிற்கு எதிர்ப்பேச்சு எழும் வாய்ப்பு அங்கு உள்ளது. அறிவுரைப் பகுதியில் அதுவும் இல்லை.

கடிதமும் தோழியும்

கடிதம் எழுதுபவர் தம் பெயரை மறைக்கிறார். எனவே தீங்கில்லை என்பது பொதுவான கருத்து. ஆனால் எவரும் தம்மைப் பற்றி மட்டும் மணவாழ்வுக் கடிதம் எழுதுவதில்லை. கணவனைப் பற்றி, காதலியைப் பற்றி, மாமியாரைப் பற்றியே எழுதுகின்றனர். அக்கடிதத்தில் பேசப்படுபவர் அதனைப் படித்திரார். அவருக்காகப் பேசுவார் அரங்கில் ஒருவரும் இலர். மேடையில் இருப்போர் நகைச்சுவையாளர். அவர் சொல்லும் அறிவுரை நகையாக முடியவேண்டும் என்பது தொழில்வழி வந்த கட்டாயம். இல்லாதவரை எள்ளுவதினும் எளிய நகை வேறில்லை.

'ரீட்' என்னும் சொல்லே கறுப்பின, இலத்தீன மக்களின் நடன அரங்குகளில், எதிர்நிற்பவர் குறையை முகத்துக்கு நேரே நயம்படக் கூறுதலைக் குறித்தது. 'பாரிஸ் இஸ் பர்னிங்' (1990) என்னும் ஆவணப்படத்தில் இதனைக் காணலாம். அங்கு இகழப்பட்டவர் அங்கேயே நிற்கிறார். மறுநொடி அவர் முறை வரும். நம் நாட்டுப்புறத்து எசப்பாட்டிலும் அவ்வாறே. எதிராளி இல்லாத இடத்தில் எசப்பாட்டு பாடமுடியாது. அவ்விதி கடிதத்தில் கைவிடப்படுகிறது.

அகமரபில் அறிவுரைக்கு உரியவள் தோழி. அவள் தலைவனை இடித்துரைக்கிறாள், தலைவியைத் தேற்றுகிறாள், வரைவு கடாவுகிறாள். அவள் சொல் பிழைத்தால் துன்பம் அவளையும் சேரும். தலைவியோடு அதே இல்லில் வாழ்பவள் அவள். மேலும் அவளுக்கு யாரும் எதனையும் விளக்கவேண்டியதில்லை. மேடை அறிவுரையாளர்க்கோ விவரம் வேண்டும். கணவன் என்ன பணி செய்கிறான், எப்போது வீடு திரும்புகிறான், எவரோடு பேசுகிறான் என்பன தெரியாமல் பயனுள்ள அறிவுரை கூறவியலாது. அவ்விவரம் ஒவ்வொன்றும் வேலில் கட்டிய வேம்பாகிறது. விவரத்தைக் குறைத்தால் அறிவுரை எல்லார்க்கும் பொருந்தி எவர்க்கும் உதவாததாகிறது. கூட்டினால் ஆள் வெளிப்படுகிறார். நல்ல அறிவுரையும் பெயர் மறைப்பும் ஒன்றையொன்று தின்னும் இச்சிக்கலுக்கு மேடையில் தீர்வில்லை.

இதற்கு எதிர்முனையில் அமைந்தது ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சொல்வதெல்லாம் உண்மை'. அங்குக் கணவனும் மனைவியும் முகத்தோடும் பெயரோடும் அமர்த்தப்பட்டனர். மறுமொழிக்கு இடமிருந்தது; மறைவிற்கு இடமில்லை. 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் ஒளிபரப்பிற்கு இடைக்காலத் தடை விதித்தது. குழந்தைகளும் அண்டை வீட்டாரும் காணத் தம் இல்லறத்தை அவிழ்த்தவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத்தினரே என்பதை அதனைக் கண்டோர் அறிவர்.

ஈஜிபுராவின் தெரு

பெங்களூரின் தென்கிழக்கில், கோரமங்கலாவை ஒட்டி அமைந்தது ஈஜிபுரா. தமிழ் பேசுவோர் பலர் வாழும் பகுதி. அருகிலுள்ள அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர் ஒற்றை அறைகளில் தங்குவதும் இங்கேதான். நலிந்த பிரிவினர்க்கென மாநகராட்சி கட்டிய குடியிருப்பிலிருந்து 2013 சனவரியில் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நடைபாதையோரம் தங்க நேர்ந்தது. சமையல், நோய், கணவன் மனைவி பூசல் அனைத்தும் சாலையில் செல்வோர் காண நிகழ்ந்தன. அந்தரங்கம் பற்றிய மெய்யியல் விவாதங்கள் சுவர் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு தொடங்குகின்றன.

இத்தகைய தெருவில் வாழும் ஒருத்தி கோரமங்கலா மேடை ஒன்றிற்குப் பெயரின்றிக் கடிதம் எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவள் ஏன் எழுதுகிறாள் என்பதை முதலில் எண்ணவேண்டும். தெருவில் சொன்னால் மாலைக்குள் அம்பல் அலராகும். தாயிடம் சொன்னால் பொறுத்துக்கொள் என்பாள். அயலார் சிரித்துக்கொண்டே 'உன்மேல் பிழையில்லை' என்று சொல்வது, அவள் வாழ்வில் எவரும் இதுவரை சொல்லாத சொல்லாக இருக்கக்கூடும். பழைய ஊரின் அலர் வரைவிற்கு வழி செய்தது என்பது ஒரு பக்கம். சாதி மீறிய காதலில் ஊர்ப்பேச்சே கொலைக்கு முன்னோடியாவதை இந்நூற்றாண்டிலும் கண்டுவருகிறோம். அண்டையாரைவிட அயலார் இரக்கமுடையவர் ஆதலும் உண்டு. ஆகவே அக்கடிதத்தை எழுதியது தவறு என்று கூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் நியூயார்க்கில் படிக்கப்படும் கடிதம் வேறு. இரண்டு கல் தொலைவில் படிக்கப்படும் கடிதம் வேறு. பெருநகரில் எவரையும் எவரும் அறியார் என்பது மாடி அடுக்ககத்தில் வாழ்வோர் எண்ணம். மேம்பாலத் தூண்களுக்கு அருகிலுள்ள சந்து, இரவுப் பணி, ஊரிலிருந்து வந்து தங்கிய தங்கை என்னும் மூன்று குறிப்பும் சேர்ந்தால், அத்தெருவினர் ஒருவர் அரங்கில் இருப்பின் அவர்க்கு வேறொன்றும் வேண்டா. அரங்கில் இல்லாவிடினும் நிகழ்ச்சியின் ஒரு துண்டு கைப்பேசி வழியே வந்து சேரும். 2025 பிப்ரவரியில் 'இந்தியாஸ் காட் லேட்டன்ட்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி குறித்து நாடு முழுவதும் எழுந்த விவாதம் ஆபாசத்தைப் பற்றியதாகவே இருந்தது. மேடையில் பயன்படுத்தப்படும் வாழ்வு யாருடையது என்பது அதில் வினாவாகவே எழவில்லை.

அக்கணவன் தன்னைப் பற்றிய சிரிப்பைக் கைப்பேசியில் கேட்கிறான். அவன் தீயவனாக இருக்கலாம். கடிதம் சொல்லாத வேறொன்று அவன் பக்கம் இருக்கலாம். மேடை அடுத்த கடிதத்திற்குச் சென்றுவிட்டது. அவன் மறுமொழி கூறக்கூடிய இடமாக எஞ்சுவது அந்த ஒற்றை அறை. அங்குக் கேட்பவளாக இருப்பவள் அவள் ஒருத்தியே.