கொடுப்பினையும் ஆடுகளமும்

பெரியவர்களை மிஞ்சும் திறமை ஒரு சிறு பிள்ளையிடம் தென்பட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது. இந்தியச் சமய மரபுகள் இதற்கு நெடுங்காலமாக விடை தேடியிருக்கின்றன. யோகத்தில் பாதி வழியில் நின்றுபோனவன் மறுபிறப்பில் நல்ல குடும்பத்தில் பிறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான் என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். ஒரு பிறப்பில் கற்றது ஏழு பிறப்புக்கும் துணை வரும் என்பது வள்ளுவர் கருத்து. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறப்பில் அனுபவித்துத் தீர்ப்பது பிராரப்தம், அனுபவிக்கும்போதே புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். இந்த நூல்களைத் தொட்டுப் பார்க்காதவர்களும், பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தின் டீக்கடையில், "அதுக்கெல்லாம் கொடுப்பினை வேணும்" என்று விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ராமநாதன் கிருஷ்ணனின் டென்னிஸ் வாழ்க்கை நல்ல உரைகல். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1953இல் விம்பிள்டன் சிறுவர் இறுதியாட்டத்தில் பில்லி நைட்டிடம் தோற்றார். மறு ஆண்டே ஆஷ்லி கூப்பரை வீழ்த்தி, அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். முதல் முறை நீல் ஃபிரேசரும், அடுத்த முறை ராட் லேவரும் அவரை வென்றார்கள். இருவரும் அந்தந்த ஆண்டு கோப்பையையும் வென்றார்கள். கிருஷ்ணனின் சர்வீஸில் வேகம் இல்லை. மரமட்டையால் பந்தை மெல்லத் தொட்டு, எதிராளி இல்லாத மூலைக்கு அனுப்பும் நுட்பமே அவருடைய பலம்.

இதைப் பூர்வ ஜென்ம வாசனை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய தந்தை டி.கே. ராமநாதன் தேர்ந்த டென்னிஸ் வீரர். மகனுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல், தந்தை வென்று சரியாக 25 ஆண்டு கழித்து, அதே சிறுவர் பட்டத்தை வென்றார். சர்வீஸில் அதே மென்மை, கையில் அதே நுட்பம். தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் மட்டையும் களமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கின்றன.

வினைக்கோட்பாட்டிடம் இதற்கும் பதில் உண்டு: அந்த வீட்டில் பிறந்ததே வினைப்பயன். தர்க்கமாகப் பார்த்தால் இதில் ஓட்டை காண்பது கடினம். எது நடந்தாலும் நடந்த பிறகு பொருந்திவிடும் விளக்கம் இது. சிக்கல் அறத்தில்தான் இருக்கிறது. அதே கண்ணும் கையும் கொண்ட ஒரு பிள்ளை 1937இல் ஜெயமங்கலத்து நெல்வயல்களுக்கு நடுவே பிறந்திருந்தால், தன்னிடம் அப்படியொரு திறமை இருப்பதே அதற்குத் தெரியாமல் போயிருக்கும். அதையும் அந்தப் பிள்ளையின் பிராரப்தம் என்று எழுதிவைப்பது, ஊரும் அரசும் செய்யாமல் விட்டதைக் குழந்தையின் கணக்கில் பற்று வைப்பதாகும். திறமையும் மண்ணைப் போலத்தான். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் 1895இல் வந்த பிறகுதான் கம்பம் பள்ளத்தாக்கின் மண் எவ்வளவு விளையும் என்று தெரிந்தது. அதற்கு முன்பும் மண் அதேதான்.

வள்ளுவர் இந்தக் கேள்வியின் இரு முனைகளையும் விடாமல் பிடித்திருக்கிறார். ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று அறத்துப்பாலை முடித்தவர், பொருட்பாலின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், சோராமல் உழைப்பவர் ஊழையே தோற்று ஓடச் செய்வர் என்கிறார். இதைப் பலர் முரண்பாடாகக் காண்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஊழ் முன்கூட்டித் தெரிவதில்லை. தெரியாத ஒன்றை நம்பி யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டி இதற்குக் கண்கூடான சான்று. இரு நாடுகளும் 2-2 என்ற சமநிலையில் இருக்க, கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் காக்குக்கும் இடையே நடந்தது. காக் இரண்டு செட் வென்றிருந்தார், கிருஷ்ணனிடம் ஒன்றுதான். நான்காவது செட்டில் காக் 5-2 என முன்னணியில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் இந்தியாவின் கதை முடிந்தது. விதி எழுதப்பட்டாயிற்று என்று அந்த இடத்தில் யார் சொல்லியிருந்தாலும் மறுத்திருக்க முடியாது. கிருஷ்ணன் அடுத்த ஐந்து கேம்களையும் எடுத்து அந்த செட்டை 7-5 என்றும், ஐந்தாவது செட்டை 6-2 என்றும் வென்றார்.

ஊழா முயற்சியா என்ற கேள்வி தொழில்முறை வெற்றியிலும் எழுகிறது. 1959இல் ஜாக் கிராமர் பெருந்தொகை தந்து தம் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார். தொழில்முறை வீரர்களுக்கு 1968வரை விம்பிள்டனில் இடமில்லை. டேவிஸ் கோப்பை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர்களுக்கு மூடியே இருந்தது. பிறந்த வீட்டைப் பிராரப்தம் என்று கொண்டாலும், இந்த மறுப்பு ஆகாமியத்தைச் சேரும். அன்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய கணக்கு எதுவும் அதைத் தீர்மானித்ததாகக் காட்டவும் முடியாது. அந்த முடிவால் பணம் போனது. பதிலுக்கு, கல்கத்தா வெற்றியைத் தொடர்ந்து இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒரு வெற்றி, நியூகோம்ப்-ரோச் இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் தோற்கடித்த இரட்டையர் ஆட்டம்.