தோற்பதற்கும் ஒரு மைதானம்

விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். மைதானத்துக்கு இருக்கிறதே, அதுக்கு என்ன பதில்?

பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்வோம். சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் ஆடுகளத்தைப் பெருக்கி மாதம் நாலு ரூபாய் வாங்கியவர். வெள்ளையரை ஜெயிக்க ஆள் தேவைப்பட்டதால் பூனா இந்துக்கள் இவரைச் சேர்த்தார்கள். ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில் தேநீர். 1906-இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றதில் அவர் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல். தலைமை? கடைசிவரை தரவில்லை.

என் கேள்வி வேறு. அவருக்கு விக்கெட்டே விழாமல் போயிருந்தால்? பெருக்குமாறோடு நின்றிருப்பார். மற்றவன் சுமாராக ஆடலாம், தோற்கலாம், சும்மாவும் ஆடலாம். நாம் மட்டும் ஜெயித்துக் காட்டினால்தான் மனுசன்.

சென்னை கிண்டியில் குதிரை ஓட 160 ஏக்கரை 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2024-இல்தான் அரசு அதை ரத்து செய்தது. அதே நகரத்துக் குடிசைச் சனத்தை 2000 முதல் ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கிருந்து வந்த கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். நெஞ்சு நிமிருது, சந்தேகமில்லை. ஆனால் பதக்கம் வாங்காத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஓடியாட எடம் வேணுமில்லையா?

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறார்கள். அது புண்ணியம். சேரிப் பையன்கள் வறண்ட ஏரிக்குள் ரெண்டு சவுக்குக் கம்பு நட்டு வாலிபால் ஆடினால், "வேலவெட்டி இல்லாத பசங்க". ஓய்வுகூட ஒழைக்காதவனுக்குத்தான் சொந்தமாம்! பொம்பளப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். பள்ளிக்கூடம் விட்டதும் குடமும் தம்பியும் இடுப்பில்.

"முதல்ல நெலம், வேல; ஆட்டம் அப்புறம்" என்பார்கள் தோழர்கள். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் மாரியம்மன் கோயிலுக்குள் நம் சனம் போனது 2023-இல்தான், அதுவும் போலீஸ் காவலோடு. வரிசையில் காத்திருந்தால் எப்போது நம் முறை வரும் என்பதற்கு இது போதாதா? தவிர, விளையாட எடம் கேட்பதும் நெலம் கேட்பதுதான். ஊர்ப் புறம்போக்கு யார் கையில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துபோகும்.

கிராம சபையில் கேட்போம். திறமையைக் கண்டுபிடிக்கும் முகாம் வேண்டாம். காலனியை ஒட்டி ஒரு ஏக்கர், நாலு விளக்கு, பொண்ணுங்க பயமில்லாமல் வந்துபோக ஒரு பாதை.