அடுப்பு மூட்டும் முன் மட்டம் பாருங்கள்

அமெரிக்காவில் படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களே, சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்களே, வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜை ஓடவிடாதீர்கள். இப்போது இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் வண்டி சாய்ந்து நின்று ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால், எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

வீட்டு ஃபிரிட்ஜ் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதன் கம்ப்ரஸர் வேலையை முடித்துவிடும். புதிய ஆர்.வி.க்கள் சிலவற்றிலும் இப்போது கம்ப்ரஸர் வந்துவிட்டது. ஆனால் கேஸிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும் என்று சொல்லி உங்களிடம் தருவது வேறு வகை. 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் வடிவமைத்த முறை அது. அதில் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் சுற்றிவருகின்றன. கீழே ஒரு சிறு கேஸ் சுடர் பாய்லரைக் காய்ச்சுகிறது. அம்மோனியா ஆவியாகி மேலே போய், வெளிக்காற்றில் ஆறித் திரவமாகி, ஃப்ரீசருக்குப் பின்னால் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து, வழிந்து, பாய்லருக்கே திரும்புகிறது. திரும்பும் வழியில் அதைத் தள்ளிவிட யாரும் இல்லை. கொத்தனார் குளியலறைத் தரைக்கு வாட்டம் விடுவதுபோல அந்தக் குழாய்களுக்கும் வாட்டம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வண்டி சாய்ந்தால் வாட்டம் கெடுகிறது. கரைசல் நடுவழியில் தேங்கிப்போக, பாய்லர் வறள்கிறது. சுடர் மட்டும் ஓயாமல் எரிகிறது.

குழாய் உள்ளே அரிக்காமல் இருக்கக் கரைசலில் சோடியம் குரோமேட் சேர்த்திருப்பார்கள். அளவு மீறிச் சூடேறிய பாய்லரில் அது சிதைந்து கெட்டியாகி, விரலை விட ஒல்லியான குழாயில் படிகிறது. படிந்தது கரைவதில்லை. நாளைக்கு மட்டமான இடத்தில் நிறுத்தினாலும் இன்றைய படிவு அங்கேயே இருக்கும். அடுத்த சரிவில் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேரும். ஃபிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். அதில் தேங்கிய திரவம் கலையலாம், குரோமேட் அடைப்பு போகாது.

இதில் கொடுமை என்னவென்றால், கெடுதல் செய்கிற அன்று எதுவும் தெரியாது. பால் திரியாது, தயிர் புளிக்காது. வண்டியை ஒப்படைத்துவிட்டு நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். என்றோ ஒரு ஜூலை மாத வெயிலில், அரிஸோனாவில், கைக்குழந்தையின் பாலையும் பாட்டியின் இன்சுலினையும் உள்ளே வைத்திருக்கும் யாரோ ஒரு குடும்பத்துக்கு அது நின்றுபோகும். வாடகை வண்டிதானே என்று சொல்வதற்கு முன் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது வீட்டு வாசலில்தான். நாளைக் காலைப் பயணத்துக்காக முந்தின இரவே, சரிவான வாசல் பாதையில் நிறுத்தி, மின்சாரத்தில் செருகிக் குளிரவைப்பார்கள். சுடர் இல்லையே, மின்சாரம்தானே என்று நினைக்காதீர்கள். சூடாவது அதே பாய்லர்தான். இரவு தங்கும் கடை வாகன நிறுத்தங்களிலும் மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது மட்டும் பயமில்லை. மேடும் பள்ளமும் குலுக்கிக்கொண்டே இருப்பதால் கரைசல் ஒரே இடத்தில் தங்காது.

ரசமட்டம் ஒன்று வாங்குங்கள். ஃப்ரீசர் தரையில் வைத்து, குறுக்கேயும் நெடுக்கேயும் பாருங்கள். பல மாடல்களின் கையேடு, ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் 3 டிகிரி வரைக்கும், முன்பின்னாக 6 டிகிரி வரைக்கும் பொறுக்கும் என்கிறது. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஃபிரிட்ஜ் வண்டியின் பக்கச் சுவரில் பொருத்தியிருந்தால், அதன் பக்கவாட்டு என்பது வண்டியின் நீளவாட்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 15 அடி இடைவெளி என்றால், 9 அங்குல ஏற்றத்தாழ்விலேயே அந்த 3 டிகிரி முடிந்துவிடுகிறது. மலைப்பாதை ஓரத்தில் அது சர்வசாதாரணம். தாழ்ந்த சக்கரத்தின் கீழ் கட்டை வைத்து ஏற்றுங்கள், மற்றதற்கு முட்டுக் கொடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. மட்டம் கிடைக்கவே இல்லையா? அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே சில மணி நேரம் குளிர் நிற்கும். இரவு முழுக்க என்றால் ஐஸ் வாங்கி ஒரு பெட்டியில் போடுங்கள். சாம்பார் கெட்டாலும் பரவாயில்லை, கொட்டிவிட்டு வேறு சமைக்கலாம்.

குழாய் ஓட்டையானால் விஷயம் சாப்பாட்டோடு நிற்காது. அம்மோனியா மூச்சை அடைக்கும், ஹைட்ரஜன் தீப்பற்றும், பக்கத்திலேயே சுடர் இருக்கிறது. 2006இல் டொமெடிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் அதிகமான ஆர்.வி. ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது, பாய்லர் குழாயில் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதற்காக. அந்த விரிசலுக்குச் சரிவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாய்லர் விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்குச் சொல்கிறேன். வண்டியின் வெளிப்புறத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து பாருங்கள். பாய்லர் பக்கம் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ, உள்ளே அம்மோனியா நெடி அடித்தாலோ, முதலில் குழந்தைகளோடு எல்லோரும் வெளியே வாருங்கள். சிலிண்டர் வால்வை வெளியிலிருந்தே மூடுங்கள், மின் இணைப்பையும் வெளியிலேயே பிடுங்குங்கள். அந்த ஃபிரிட்ஜை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.